‘கலெக்டிவ்’ படம் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா? லோஷன் விஷயம் கேக்கணும்

பாம்பன்காரி:
ருமேனியா நாட்டு ஆவணப்படம், அலெக்சாண்டர் நனாவ் எடுத்தது. 2015 அக்டோபர் 30 ராத்திரி தலைநகர் புக்காரெஸ்ட்ல கச்சேரி நடந்த ‘கலெக்டிவ்’ங்கிற கிளப்ல தீ. மொத்தம் 64 பேர் போயிட்டாங்க. அதுல பாதிக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்த்த பிறகு செத்தவங்க. ஒரு நோயாளியோட புண்ணுல புழு நெளியுது. அதோட நிறுத்திட்டேன், மிச்சத்தை மறுநாள்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரிகளுக்கு வித்த கிருமி கொல்லுற லோஷனே தண்ணி கலந்த ஏமாத்துன்னு அதுல வருது.

போன வருஷம் எங்க அண்ணன் கடல்ல இருக்கையில படகு அடுப்பு தீப்பிடிச்சு ரெண்டு கையும் வெந்துபோச்சு. 19 நாள் ஆஸ்பத்திரியில நான்தான் கூட இருந்தேன். மூணாம் நாள் புண்ணு சுத்தமா இருந்துச்சு. எட்டாம் நாள் கட்டைப் பிரிச்சா பஞ்செல்லாம் பச்சை, கனிஞ்சு அழுகின திராட்சை மாதிரி ஒரு வாடை. வலது கையில ரெண்டு விரல் இன்னமும் மடங்கலை, வலை பின்ன முடியலை. வார்டு துடைக்கிற அம்மா வாளியில லோஷனை ஊத்தித் தண்ணி கலக்குறதை தினம் பார்த்தேன். அங்க நடந்த மாதிரி இங்கயும் ஏமாத்துதானா?

வார்டு நர்ஸ், ராமநாதபுரம்:
அக்கா, தண்ணி கலக்குறது தப்பில்லை. 5 சதவீத ஹைப்போகுளோரைட் லோஷன் 1 லிட்டருக்கு 4 லிட்டர் தண்ணி சேர்த்தா 1 சதவீதம், அதான் முறை. அளந்து ஊத்துனாங்களாங்கிறதுதான் கேள்வி. ருமேனியாவுல ஹெக்ஸி ஃபார்மாங்கிற லோஷன் கம்பெனி வித்த சரக்கே லேபிள்ல போட்ட பலத்துக்கு இல்லை. அதுல ஆஸ்பத்திரிக்காரங்க முறைப்படி தண்ணி சேர்த்தா கிருமி எப்படிச் சாகும்? பச்சைச் சீழ்னா சூடோமோனாஸ்ங்கிற கிருமியா இருக்கலாம். டிஸ்சார்ஜ் ஃபைல்ல கல்ச்சர் ரிப்போர்ட், அதான் புண்ணுல என்ன கிருமின்னு சோதிச்ச ரிப்போர்ட், இருக்கான்னு பாருங்க.

கீழக்கரையான்:
தங்கச்சி, அதை வெளியில கொண்டாந்தது ஒரு விளையாட்டுப் பத்திரிகை, ‘கசெட்டா ஸ்போர்ட்டுரிலோர்’. அதோட நிருபர் டொலொன்டானும் அவர்கூட இருந்த ரெண்டு மூணு பேரும் விடாம நின்னாங்க. எனக்கு மனசு ஆறாதது அந்தத் தீக்குப் பிறகு நாட்டுல நடந்ததுதான். ஜனம் தெருவுல இறங்கினதும் 2015 நவம்பர் 4ல பிரதமர் பொன்டா ராஜினாமா. 2016 மே மாசம் ஹெக்ஸி முதலாளி கார் விபத்துல செத்துப்போறார். டிசம்பர் தேர்தல்ல பொன்டாவோட அதே கட்சி ஜெயிச்சு வருது. பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா அம்மா என்ன நினைச்சிருப்பாங்க?

அரசு ஆஸ்பத்திரின்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி, அந்த மாசம் வாங்கின லோஷன் என்ன, சோதிச்சாங்களான்னு கேளுங்க. 30 நாள்ல பதில் தரணும்.

பாம்பன்காரி:
ஃபைலை எடுத்துப் பார்த்தேன். சூடோமோனாஸ்னுதான் போட்டிருக்கு, ஒன்பதாம் நாள் தேதி. எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலை. அரசு ஆஸ்பத்திரிதாண்ணே. மனு யார் பேருக்கு எழுதணும்?

கீழக்கரையான்:
அந்த ஆஸ்பத்திரியோட பொதுத் தகவல் அலுவலர்னு போடும்மா. பதிவுத் தபால்ல அனுப்பி ரசீதை வச்சுக்க.