அலாஸ்கா கப்பல்ல துணி துவைக்கிறது: குடும்பக் குழுவில்

மீனா: கவி, ஜூன்ல அலாஸ்கா கப்பல், ஏழு ராத்திரி. முன்னாடி பின்னாடி சியாட்டில்ல தங்குறது வேற. ஆளுக்கு ஒரு பெட்டி, 23 கிலோ. துணியைக் கப்பல்லயே துவைச்சுக்கலாமா?

கவிதா: எந்த கம்பெனி கப்பல் அத்தை?

மீனா: பிரின்சஸ்

கவிதா: அப்போ ஈஸி. பயணிகளே துவைச்சுக்கிற ரூம் அதுல இருக்கு. வாஷர், ட்ரையர், அயர்ன் பண்ற பலகை எல்லாம் உண்டு. லோடுக்கு இவ்வளவுன்னு காசு. கார்னிவலோட பல கப்பல்லயும் டிஸ்னியிலயும் காசு போட்டுத் துவைக்கிற ரூம் உண்டு. கனார்டுல இலவசம். ராயல் கரிபியன், செலிபிரிட்டி, எம்எஸ்சியில அந்த ரூமே கிடையாது, அங்கே சிங்க்ல கசக்கணும், இல்லாட்டி காசு கொடுத்து கப்பல் லாண்டரில போடணும்.

மீனா: அப்போ ஆளுக்கு எத்தனை செட் எடுக்கட்டும்?

கவிதா: மேல் துணி நாலு செட், உள்ளாடை அஞ்சு, குளிருக்கு உள்ளே போடுற தெர்மல் ரெண்டு. மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை துவைச்சா ஊர் வர்ற வரைக்கும் ஓடும். ஜீன்ஸ் ஒண்ணு போதும், அதையும் போட்டுக்கிட்டே ஏறுங்க. ஜீன்ஸ் ட்ரையர்லயே லேசுல காயாது, கேபின்ல சுத்தமா காயாது.

வசந்தா: மீனா, பருத்தி நைட்டி, பனியன்லாம் குறைச்சுக்கோ. பாலியஸ்டர், நைலான்னா பிழிஞ்சு போட்டா ராத்திரியில காஞ்சிடும். தடி பருத்தி மறுநாள் மத்தியானமும் ஈரமாத்தான் இருக்கும், அப்புறம் வாடை வந்துடும். துவைக்கிறது எங்கேயும் கஷ்டமில்ல, கப்பல்ல காய வைக்கிறதுதான் கஷ்டம்.

மீனா: பால்கனி இருக்கிற கேபின்தான் அண்ணி எடுத்திருக்கோம். கொடி கட்டிக்கலாம்ல?

சுரேஷ்: வேண்டவே வேண்டாம் சித்தி. பால்கனியில துணி போட விட மாட்டாங்க. காத்து ஒரு காரணம், நெருப்பு இன்னொண்ணு. 2006 மார்ச்ல ஸ்டார் பிரின்சஸ் கப்பல்ல ஒரு பால்கனியில தீ பிடிச்சு வரிசையா பரவுச்சு. அணைக்காத சிகரெட் துண்டா இருக்கும்னுதான் விசாரணையில சொன்னாங்க. புகையில ஒரு பயணி இறந்துட்டார். மேல் தளத்துல இருந்து ஒரு பொறி விழ, கீழே துண்டு தொங்கினா போதும்.

சுரேஷ்: அது போக கடல் காத்துல உப்பும் ஈரமும் இருக்கு. அங்கே போட்டா துணி பிசுபிசுன்னுதான் இருக்கும். கேபின் உள்காத்துதான் வறண்டது, ஏசி ஈரத்தை எடுத்துடும். அதனால பால்கனி கதவை மூடி வைங்க. நிறைய கப்பல்ல கதவைத் திறந்தா ஏசி தானா நின்னுடும்.

மீனா: ட்ராவல் அயர்ன் பாக்ஸ் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், உங்க மாமா சட்டைக்கு

சுரேஷ்: அதை வீட்லயே வெச்சுடுங்க. அயர்ன், ஸ்டீமர் ரெண்டுமே கேபின்ல கூடாது. ஏறும்போதே ஸ்கேன்ல பார்த்து எடுத்து வெச்சுக்குவாங்க. வோல்டேஜ் திடீர்னு ஏறினா தடுக்கிற சர்ஜ் ப்ரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படித்தான். வீட்டு வயரிங்ல நியூட்ரலை எர்த்தோட சேர்த்திருப்பாங்க, கப்பல்ல பெரும்பாலும் அப்படி இல்ல. அந்த பாக்ஸ் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கு.

கவிதா: சட்டையை அந்த ரூம்லயே அயர்ன் பண்ணிக்கலாம் அத்தை. இல்லாட்டி மாமா வெந்நீர்ல குளிக்கும்போது பாத்ரூம்ல ஹேங்கர்ல மாட்டி விடுங்க, ஆவியில பாதி சுருக்கம் போயிடும்.

மீனா: சரி. மெஷின் எப்போ காலியா இருக்கும்?

கவிதா: கப்பல் துறைமுகத்துல நின்ன முதல் ஒரு மணி நேரம். ஜூனோ, ஸ்கேக்வேன்னு எல்லாரும் இறங்கி ஓடுவாங்க, அப்போ காத்து வாங்கும். ராத்திரி சாப்பாட்டு நேரமும் பரவாயில்ல. முழு நாள் கடல்ல போற அன்னிக்கு மட்டும் போகாதீங்க, வரிசை நிக்கும். கடைசி ரெண்டு நாளும் அதே கதைதான்.

கவிதா: வாஷர் சுமார் 40 நிமிஷம், ட்ரையர் 45ல இருந்து ஒரு மணி. போன்ல டைமர் வெச்சு, முடியுறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி வாசல்ல நில்லுங்க. லேட்டானா அடுத்தவங்க உங்க துணியை எடுத்து மேஜையில வெச்சுட்டுத் தங்களோடதைப் போட்டுடுவாங்க. அது அங்கே வழக்கம், சண்டை போட முடியாது.

வசந்தா: டிரம்மை முக்கால்வாசிக்கு மேல நிரப்பாதே. அடைச்சா சோப்பு போகாது, ட்ரையர்ல நடுத்துணி ஈரமாவே வரும். எல்லாத்தையும் உதறி உதறிப் போடு.

சுரேஷ்: சோப்பு ரொம்பக் கம்மியா போடுங்க சித்தி. கப்பல் தண்ணி பெரும்பாலும் கடல் தண்ணியைக் காய்ச்சியோ ஆர்ஓ பண்ணியோ எடுக்கிறது. நம்ம ஊர் போர் தண்ணி மாதிரி கடினத் தண்ணி இல்ல, மென்மையானது. சென்னை அளவுல போட்டா நுரை பொங்கும், அலசினாலும் போகாது. பாதி போதும்.

கவிதா: பவுடர் எடுக்காதீங்க, குளிர்ந்த தண்ணியில கரையாம துணியில வெள்ளைத் திட்டா ஒட்டும். தாள் மாதிரி வர்ற டிடர்ஜென்ட் ஷீட் நல்லது. சிந்தாது, திரவமும் இல்ல, கைப்பையிலயே போடலாம். ஒரு லோடுக்கு ஒண்ணு. முதல்ல மெஷின் மேல ஒட்டியிருக்கிறதைப் படிங்க, சில கப்பல்ல மெஷினே சோப்பு விட்டுக்கும்.

சுரேஷ்: ட்ரையர் போடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சல்லடையை வெளியே இழுத்து, படிஞ்ச பஞ்சை உருட்டி எடுங்க. முன்னாடி வந்தவங்க எடுத்திருக்க மாட்டாங்க. பஞ்சு அடைஞ்சா காத்து போகாது, காயாது, சூடும் ஏறும். 1998 ஜூலையில மயாமி பக்கம் எக்ஸ்டசி கப்பல்ல பெரிய தீ. கப்பலோட பெரிய லாண்டரியில ஊழியர்கள் வெல்டிங் பண்ணும்போது காத்துக் குழாய்ல சேர்ந்த பஞ்சு பத்திக்கிச்சு. தீ குழாய் வழியாவே கப்பலோட பின்பக்கம் வரைக்கும் போச்சு. விரல் தடிமனுக்கு ஒட்டியிருக்கிற அந்தச் சாம்பல் நிறப் பஞ்சை சாதாரணமா நினைக்காதீங்க.

மீனா: ஐயோ. கண்டிப்பா பார்க்கிறேன்பா

மீனா: அண்ணி, சேலை?

வசந்தா: பட்டு, ஜரிகை ரெண்டும் வேண்டாம். மெஷின்ல போட்டா கெட்டுடும், கேபின்ல அஞ்சரை மீட்டர் விரிக்க இடமும் இல்ல. சிந்தெடிக் ஒண்ணு எடுத்துக்கோ. அதையும் வலைப்பையில கட்டிப் போடு, இல்லாட்டி மத்த துணியைச் சுத்திக் கயிறா முறுக்கிடும். உள்ளாடைக்கும் அதே பை. மெரினோ கம்பளி தெர்மல்னா ட்ரையர் பக்கமே போகாதே, குழந்தை சட்டை ஆயிடும்.

வசந்தா: இன்னொண்ணு, மஞ்சள் கறை. பஃபேல குழம்பு வகை ஏதாவது இருக்கும், எப்படியும் சிந்தும். சோப்பு பட்டதும் மஞ்சள் சிவப்பா மாறும், பயப்படாதே, அது காரத்தால வர்றது, அலசினா திரும்பிடும். ஆனா கறை போகாம ட்ரையர்ல போடாதே, சூட்டுல இறுகிடும். வெயில் பட்டாத்தான் மஞ்சள் மங்கும், கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் வெளிச்சத்துல வை. கப்பல் டவலால துடைச்சுடாதே.

மீனா: ரெண்டு உள்ளாடை, சாக்ஸ் மட்டும்னா மெஷினுக்குப் போகணுமா?

கவிதா: வேண்டாம், சிங்க் போதும். தட்டையான சிலிகான் மூடி ஒண்ணு எடுத்துக்கோங்க, சிங்க் அடைப்பு பல தடவை சரியா உட்காராது. வெதுவெதுப்பான தண்ணி, டிடர்ஜென்ட் ஷீட்ல கால்வாசி, பத்து நிமிஷம் ஊற விட்டு அமுக்கி அமுக்கி எடுங்க, ரெண்டு அலசு. முறுக்கிப் பிழியாதீங்க. உலர்ந்த டவலை விரிச்சு மேல துணியைப் பரத்தி, பாய் மாதிரி சுருட்டி, அது மேல ஏறி நில்லுங்க. பாதிக்கு மேல தண்ணி டவலுக்குப் போயிடும். இதை விட்டுட்டு சொட்டச் சொட்ட போட்டா காயவே காயாது.

கவிதா: குளிக்கிற இடத்துல இழுக்கிற கொடி இருக்கும், துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விடுங்க. பாத்ரூம் கதவை லேசா திறந்து வைங்க, கேபின் காத்து உள்ளே போய் எக்ஸாஸ்ட் வழியா வெளியேறும். சுவர் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி நாலு எடுத்துட்டுப் போனா ஜாக்கெட்டும் மாட்டலாம்.

சுரேஷ்: கூரையில நீட்டிக்கிட்டிருக்கிற ஸ்பிரிங்க்ளர்ல மட்டும் ஹேங்கர் மாட்டாதீங்க. உடைஞ்சா கேபின் முழுக்கத் தண்ணி.

மீனா: மழை ரொம்ப இருக்குமா?

கவிதா: அலாஸ்காவுல கெச்சிகன்ங்கிற ஊர்ல வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல பெய்யும். நனைஞ்ச மழைக்கோட்டை உதறி கொக்கியில மாட்டுங்க. ஷூக்குள்ள செய்தித்தாள் அடைச்சு ரெண்டு மணிக்கு ஒரு தடவை மாத்துங்க. ஹேர் ட்ரையரை ஷூக்குள்ள விடாதீங்க, பசை விட்டுப் போகும்.

வசந்தா: கடைசி நாள் துவைக்கலாமா கவி?

கவிதா: வேண்டாம்மா. கடைசி ராத்திரி பெட்டியைப் பூட்டி கேபின் வாசல்ல வெச்சுடணும், காலையில கரையிலதான் கிடைக்கும். அதுக்கு முந்தின நாள் மதியத்தோட துவைக்கிறதை நிறுத்துங்க அத்தை. இடுப்புப் பட்டியும் தையல் மடிப்பும் ஈரமா இருக்கான்னு தொட்டுப் பார்த்துட்டு மடிங்க. மறுநாளுக்குப் போடுற துணியை மறக்காம வெளியே எடுத்து வெச்சுட்டுப் பெட்டியைப் பூட்டுங்க.