புது வீட்டு ஓவனில் முதல் விருந்து: கொறிக்க என்ன செய்யலாம்?

கேள்வி

புதிதாகக் குடிவந்திருக்கிறோம். அடுத்த வாரம் பத்துப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டாயிற்று. சாப்பாட்டுக்கு முன் கொறிக்க பஃப்ஸ் செய்யலாம் என்று எண்ணம். புத்தகத்தைப் பார்த்துச் செய்ததில் மேலே கருகி, அடியில் பச்சை மாவாக நின்றுவிட்டது. எங்கே தப்பு? எத்தனை செய்வது? நம்பி வாங்கக்கூடிய சமையல் புத்தகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பதில்

நண்பரே, முதலில் அந்தப் புத்தகம் எந்த நாட்டில் அச்சானது என்று பாருங்கள். அமெரிக்கப் புத்தகத்தில் 400 டிகிரி என்றால் அது ஃபாரன்ஹீட்; செல்சியஸில் ஏறக்குறைய 200. அங்கே 350 என்பது இங்கே 180. ஓவனுக்குள் விசிறி சுற்றும் வகையாக இருந்து, புத்தகம் சாதாரண ஓவனுக்கு எழுதியிருந்தால் 20 டிகிரி குறைத்து வைக்க வேண்டும். வாடகை வீட்டு ஓவனின் குமிழையும் முழுக்க நம்பாதீர்கள். பழைய ஓவன் 15, 20 டிகிரி கூடவோ குறையவோ காய்வது சகஜம். கம்பித்தட்டில் மாட்டும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது கப். அமெரிக்க கப் சுமார் 240 மி.லி., ஆஸ்திரேலிய கப் 250. இது பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மி.லி., மற்ற பல இடங்களில் 15. உப்பும் சோடாவும் போடும்போது இது இடிக்கும். மைதாவைக் கரண்டியால் கப்பில் தூவி நிரப்பினால் 120 முதல் 125 கிராம். கப்பையே பைக்குள் விட்டு அள்ளினால் 150 கிராம்கூட ஏறிவிடும், மாவு இறுகிப்போகும். அதனால் முதல் மாதமே ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். அமெரிக்கப் புத்தகத்தில் ஒரு ஸ்டிக் வெண்ணெய் என்று வந்தால் 113 கிராம்.

இப்போது பஃப்ஸ். உறைந்த பஃப் பேஸ்ட்ரியை முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்குள் மாற்றி இளக விடுங்கள். சமையல் மேடையில் இளகவிட்டால் ஓரம் கூழாகும், நடு கல்லாக இருக்கும். அந்த மாவு அடுக்கடுக்காக எழும்புவதற்குக் காரணம், அடுக்குகளுக்கிடையே உள்ள வெண்ணெய். சூட்டில் அதிலுள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்குகிறது. ஓவனுக்குள் போகும் முன்பே வெண்ணெய் உருகிவிட்டால் தூக்க ஒன்றும் இருக்காது, எண்ணெய் வடிந்த தட்டைதான் கிடைக்கும். நறுக்கும்போது மாவு தொளதொளத்தால் 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடருங்கள்.

7, 8 செ.மீ. சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் பூரணம். 24 பஃப்ஸுக்கு 250 முதல் 300 கிராம் போதும். உருளைக்கிழங்கு, காளான் எதுவானாலும் ஈரம் வற்ற வதக்கி, முழுக்க ஆறவிட வேண்டும். அடி வேகாமல் போவதற்கு முக்கியக் காரணம் ஈரமான அல்லது சூடான பூரணம்தான். காளானைச் சட்டியில் நெருக்கிப் போட்டால் நீர் விட்டு அதிலேயே வேகும். பரவலாகப் போட்டு, நீர் சுண்டிச் சட்டியில் சத்தம் மாறும்வரை வதக்குங்கள். மேலே பூசும் அடித்த முட்டையை மேல்பக்கம் மட்டும் தடவுங்கள். வெட்டிய ஓரத்தில் வழிந்தால் அடுக்குகளை ஒட்டவைத்துவிடும், மாவு எழும்பாது.

தட்டை வெறுமையாக ஓவனுக்குள் வைத்து 20 நிமிடம் காயவிடுங்கள். பஃப்ஸைப் பேக்கிங் தாளில் அடுக்கி, தாளோடு அந்தச் சூடான தட்டில் நகர்த்தினால் அடியும் பொரியும். ஓவனின் கீழ்ப் பாதியில் வைத்து 200 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம். மேலே பொன்னிறமானதும் எடுத்துவிடாமல் ஒன்றைத் திருப்பி அடியைப் பாருங்கள். அதுவும் பழுப்பாகியிருந்தால்தான் வெந்தது. மேல்பக்கம் முந்தினால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி இன்னும் ஐந்து நிமிடம் விடலாம்.

சாப்பாடு பின்னால் வருமானால் ஆளுக்கு 4 முதல் 6 துண்டு. உங்களுக்கு 50 துண்டுக்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் பதில்

ஐம்பதையும் ஓவனிலேயே செய்யாதீர்கள். 24 பஃப்ஸ் போதும், கூடவே முதல் நாளே செய்து வைக்கும், தொட்டுச் சாப்பிடும் ஒரு டிப். கொண்டைக்கடலை ஹம்மஸ் பத்துப் பேருக்கு: 400 கிராம் டப்பா ஒன்று (வடித்தால் 240 கிராம் வரும்), எள் விழுது 80 கிராம், எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன், சின்னப் பூண்டுப் பல் ஒன்று, அரை டீஸ்பூன் உப்பு. கடலையை அரை டீஸ்பூன் பேக்கிங் சோடா போட்டு 15 நிமிடம் கொதிக்கவிட்டு நன்றாக அலசுங்கள்; தோல் குழைந்து விழுது வழவழப்பாக வரும். எள் விழுதையும் எலுமிச்சையையும் முதலில் அரைக்கும்போது கட்டியாக இறுகும். பயப்பட வேண்டாம், ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டால் வெளுத்து இளகிவிடும். அதற்குப் பிறகு கடலையைச் சேருங்கள்.

எண்ணெயில் பொரிக்கும் பலகாரத்தை அடுக்குமாடி வீட்டில் விருந்தன்று வைத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன். புகையுணர்வி அலறும், நீங்களும் அடுப்படியை விட்டு நகர முடியாது. பொரித்தே ஆகவேண்டும் என்றால் மூடியைப் பக்கத்தில் வையுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது; அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும். ஆறிய எண்ணெயைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும், பாட்டிலில் ஊற்றி அப்புறப்படுத்துங்கள்.

மூன்றாம் பதில்

புத்தகம் பற்றி யாரும் சொல்லவில்லையே. கடையிலோ பொது நூலகத்திலோ கையில் எடுத்ததும் ஒரு குறிப்பைப் படித்துப் பாருங்கள். கிராம் கணக்கு இருக்கிறதா? எத்தனை துண்டு, என்ன அளவு என்று இருக்கிறதா? நிமிடத்தோடு நிறமும் பதமும் எழுதியிருக்கிறதா? இந்த மூன்றும் இருந்தால் எழுதியவர் அளந்து செய்து பார்த்திருக்கிறார் என்று நம்பலாம். நூலகப் புத்தகத்தில் இரண்டு குறிப்பு செய்து பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். பெயர்க் குழப்பமும் உண்டு: பிரிட்டிஷ் புத்தகத்தில் கார்ன்ஃப்ளவர் என்பது அமெரிக்கர்களின் கார்ன்ஸ்டார்ச். மேலிருந்து சூடு காட்டுவதை பிரிட்டிஷ் புத்தகம் கிரில் என்னும், அமெரிக்கப் புத்தகம் பிராயில் என்னும். செல்ஃப் ரெய்சிங் மாவில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கும்.

விருந்தாளிகளிடம் ஒவ்வாமை பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்; ஹம்மஸில் எள் இருக்கிறது, பஃப்ஸில் கோதுமையும் முட்டையும். சைவம் சாப்பிடுபவர் வந்தால் முட்டைக்குப் பதில் பால் தடவலாம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பாலைத் திரையவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்கிறது, அவர்களுக்கு ஆகாது.

ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டியவை மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறை 32 டிகிரிக்கு மேல் சூடானால் ஒரு மணிதான். ஹம்மஸை இரண்டு கிண்ணமாகப் பிரித்து, ஒன்று காலியானதும் மற்றதை எடுத்து வையுங்கள்.