பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் டாஸ் பில் மட்டும் வரவில்லை

கீழமாசிவீதி மளிகை:
கடையில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் போன வாரம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் வேறு ஒன்று வாங்கி விண்டோஸ் 10, வேண்டுமென்றே 32 பிட் போட்டிருக்கிறேன், 64 பிட் என்றால் டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய காலத்து சிஸ்டம்) ஓடும் எங்கள் பழைய பில்லிங் சாஃப்ட்வேர் ஓடவே ஓடாது. அது ஓடுகிறது, பிரச்சினை பிரிண்டர்தான். எப்சன் எல்எக்ஸ்-300+, பின்னால் 36 பின் உள்ள அகலமான சாக்கெட், இந்தக் கம்ப்யூட்டரில் அதை மாட்டும் பேரலல் போர்ட்டே (பழைய பிரிண்டர்களுக்கான சாக்கெட்) கிடையாது. டவுன்ஹால் ரோட்டில் யுஎஸ்பி-பேரலல் கேபிள் வாங்கி மாட்டினேன். நோட்பேடில் இருந்து கொடுத்தால் கரகரவென்று அடிக்கிறது, பில்லிங்கில் கொடுத்தால் மூச்சே இல்லை. அப்பா மூன்று நாளாகக் கையால் பில் எழுதுகிறார், ஒவ்வொரு பில்லுக்கும் என்னை ஒரு பார்வை வேறு.

வில்லாபுரம்காரன்:
கேபிள் டூப்ளிகேட்டா இருக்கும், மாத்திப் பாருங்க. பிரிண்டரில் இருக்கிற எல்எஃப்/எஃப்எஃப் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் ஆன் பண்ணினால் செல்ஃப் டெஸ்ட் அடிக்கும், அது வந்தால் பிரிண்டர் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

பழைய சர்வீஸ்காரர்:
நோட்பேடில் இருந்து அடிக்கிறதே தம்பி, அப்புறம் கேபிளை ஏன் மாற்ற வேண்டும்? அந்தக் கேபிள் நிஜமான எல்பிடி போர்ட்டை, அதாவது பேரலல் போர்ட்டை, தராது. விண்டோஸுக்கு அது யுஎஸ்பி001 என்றுதான் தெரியும், டாஸ் சாஃப்ட்வேரோ எல்பிடி1-ஐ விட்டு வேறெங்கும் அனுப்பாது, அங்கே வாங்க ஆளில்லை. பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ஷேரிங் போய் இடைவெளி இல்லாமல் சின்னதாக ஒரு பெயர் கொடுங்கள், பில் என்றே வைக்கலாம், ஆனால் ஆங்கில எழுத்தில். பிறகு எல்பிடி1-க்குப் போவதை அந்தப் பிரிண்டருக்குத் திருப்பிவிட, கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல்) ஆங்கிலத்தில் நெட் யூஸ் எல்பிடி1: போட்டு, இடைவெளி விட்டு, \\கம்ப்யூட்டர் பெயர்\ஷேர் பெயர், கடைசியில் /பெர்சிஸ்டென்ட்:யெஸ். இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்ததும் மறந்துவிடும். கேபிளை எந்த யுஎஸ்பி ஓட்டையில் மாட்டினீர்களோ அதிலேயே விடுங்கள், இடம் மாற்றினால் சில சமயம் புது பிரிண்டர் என்று நினைத்து 'காப்பி 1' என ஒன்றைச் சேர்த்துவிடும், பில் பழையதற்கே போய் வரிசையில் நிற்கும். இதில் நானே ஒரு முழு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன்.

கீழமாசிவீதி மளிகை:
போட்டேன் அண்ணே. கமாண்ட் சரியாக முடிந்ததாகத்தான் காட்டுகிறது, பில் வரவில்லை.

பழைய சர்வீஸ்காரர்:
ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறந்தீர்களோ? அப்படிப் போட்டால் அந்த இணைப்பு அட்மின் பக்கத்தோடு நின்றுவிடும், சாதாரணமாகத் திறக்கிற பில்லிங்குக்குத் தெரியாது. மூடிவிட்டுச் சாதாரணமாகத் திறந்து மறுபடி போடுங்கள்.

கீழமாசிவீதி மளிகை:
அதேதான் அண்ணே! இப்போது வந்துவிட்டது, கார்பன் காப்பியோடு. அப்பா முதல் பில்லைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ரிப்பன் மங்கலா இருக்கே என்றார்.