'புட் ஆஃப்', 'கால் ஆஃப்': மனப்பாடம் செய்தும் மனத்தில் நிற்கவில்லை

மஞ்சக்குப்பம் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். கடலூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் புதுச்சேரிக்குச் சென்று ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் பணிபுரிகிறேன். ஆங்கில இலக்கணம் ஓரளவு தெரியும். ஆயினும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களில் 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'கால் ஆஃப்' என்று வரும்போது, தனித்தனிச் சொற்கள் தெரிந்திருந்தும் முழுப்பொருள் பிடிபடுவதில்லை. 'புட்' என்ற வினையின் கீழ் வருவனவற்றையெல்லாம் வரிசையாக மனப்பாடம் செய்தால், ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. வேறு வழி உண்டா?

லாசுப்பேட்டை ஆசிரியை:
வினையை வைத்து வரிசைப்படுத்துவதுதான் சிக்கல். பின்னால் ஒட்டும் சிறுசொல்லைப் பிடியுங்கள். 'அப்' என்பது பல இடங்களில் 'மேலே' என்ற பொருளை விட்டுவிட்டு, முழுவதும் தீர்ந்துபோவதைக் காட்டும்: 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது, 'யூஸ் அப்' என்றால் கையிருப்பு தீரும்வரை பயன்படுத்துவது, 'டிரை அப்' என்றால் அடியோடு வற்றிப்போவது. 'புட் அப் வித்' மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. பொறுத்துக்கொள்வது என்று அப்படியே மனத்தில் ஏற்றத்தான் வேண்டும். 'புட் ஆஃப்' என்றால் கூட்டம் வேறொரு நாள் நடக்கும், 'கால் ஆஃப்' என்றால் நடக்கவே நடக்காது. உங்கள் தொழிலில் இவ்விரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் வேலை கெட்டுவிடும்.

முத்தியால்பேட்டை அன்பர்:
எங்கள் குடும்பத்தில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் உண்டு. 'டாலரேட்' (பொறுத்துக்கொள்வது), 'அபாண்டன்' (கைவிடுவது) போன்ற ஆங்கிலச் சொற்களுக்குப் பிரெஞ்சிலும் உறவுச் சொற்கள் இருப்பதால் அவை அவர்களுக்கு எளிதில் விளங்கும். அதே பொருள் தரும் 'புட் அப் வித்', 'கிவ் அப்' என்பவற்றில்தான் தடுமாறுவார்கள். ஆகவே நீங்கள் எழுதும்போது 'போஸ்ட்போன்', 'கேன்சல்' என்றே எழுதலாம். சற்று விறைப்பாக ஒலிக்கக்கூடும், பிழையில்லை. பிறர் எழுதுவது புரிந்தால் இப்போதைக்குப் போதும்.

திருப்பாதிரிப்புலியூர் நண்பர்:
ஐயா, ஆசிரியை சொன்னதோடு சொல்வரிசையையும் கவனியுங்கள். 'இட்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் 'புட் இட் ஆஃப்' என்று நடுவில்தான் நிற்க வேண்டும். 'லுக் ஆஃப்டர் இட்' (அதைப் பார்த்துக்கொள்) என்பதிலோ அது கடைசியில்தான் வரும், நடுவில் நுழைய இடமில்லை. நம் பக்கத்தில் கல்லூரிப் படிப்பை முடித்ததைப் 'பாஸ் அவுட்' என்கிறோம்; ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அதை, மயங்கி விழுந்ததாகத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். பயோடேட்டாவில் 'கிராஜுவேட்டட்' என்றே எழுதுங்கள். சமாளிப்பது என்ற பொருளில் 'கோப் அப் வித்' என்று எழுதும் வழக்கமும் நம்மிடம் அதிகம். அங்கே 'அப்' வேண்டியதில்லை.