அண்ணன் குன்யா வெற்றிலையை விட முடியாமல் தவிக்கிறார், வைராக்கியம்தான் குறையா?

யாங்கோன் தம்பி:
அண்ணன் மாண்டலேக்கு நைட் பஸ் ஓட்டுகிறார். தூக்கம் வரக்கூடாது என்று போட ஆரம்பித்த குன்யா (வெற்றிலையில் சுண்ணாம்பும் பாக்கும் வைத்து மடித்தது, இங்கே பர்மாவில் அப்படித்தான் சொல்வோம்), இப்போது வண்டி எடுக்காத நாளிலும் 20, 25 போகிறது, எல்லாம் புகையிலை வைத்ததுதான். பல் விளக்கும் முன்பே ஒன்று. போன மாதம் அண்ணி அழுததால் விட்டுப் பார்த்தார். இரண்டாம் நாளே தலைவலி, ராத்திரி தூக்கமில்லை, யார் பேசினாலும் எரிந்து விழுந்தார், பிள்ளையைக் கூட அடித்துவிட்டார், அவர் அப்படிப்பட்டவரே இல்லை. மூன்றாம் நாள் முக்குக்கடையில் நின்றார். இப்போது குழம்பில் கொஞ்சம் காரம் என்றாலே வாய் எரிகிறதாம், வாயும் முன்போல் அகலமாகத் திறக்கவில்லை. அப்பா வைராக்கியம் இல்லாதவன் என்று திட்டுகிறார். புகையிலையை விட்டு வெறும் பாக்கு போட்டால் பரவாயில்லையா?

பல் ஆஸ்பத்திரி அக்கா:
தம்பி, முதலில் அந்த வாயைப் பாருங்கள். அண்ணனின் சொந்த விரல் மூன்றைச் செங்குத்தாகச் சேர்த்து முன்பற்களுக்கு நடுவில் விடச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகிக்கொண்டிருக்கலாம், காரம் எரிவதும் அதன் அடையாளம்தான். இறுகியது பழையபடி ஆகாது, ஆனால் விட்டால் மேலும் இறுகுவதைக் குறைக்கலாம். அதில் சிலருக்குப் புற்றுநோய் வரும். வெள்ளை, சிவப்புத் திட்டோ இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

வெறும் பாக்கும் வேண்டாம். இந்த இறுக்கத்துக்கு முக்கியக் காரணமே பாக்குதான், 2004-லேயே பாக்கைத் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் அமைப்பு வகைப்படுத்திவிட்டது. அதிலுள்ள அரிகோலின், மூளையில் புகையிலையின் நிக்கோட்டின் போய் ஒட்டும் இடத்திலேயே ஒட்டும். சுண்ணாம்பு இரண்டையும் சீக்கிரம் ரத்தத்தில் ஏற்றிவிடும். அதற்குப் பழகிய மூளைக்குத் திடீரென்று நிறுத்தினால் கோபமும் படபடப்பும் வரத்தான் செய்யும், அதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

பழைய ஆள்:
எங்கள் பாட்டி 80 வயது வரை வெற்றிலை போட்டார், ஒன்றும் ஆகவில்லையே? சும்மா பயமுறுத்தாதீர்கள்.

பல் ஆஸ்பத்திரி அக்கா:
பாட்டி ஒரு நாளைக்கு எத்தனை போட்டார் ஐயா? இவர் 25 போடுகிறார், வாயும் திறக்கவில்லை.

விட்டவன்:
நான் 14 வருஷம் போட்டவன். விட்டபோது முதல் நான்கு நாள் நரகம், அப்புறம் ஒரு மாதத்துக்குள் மெல்ல அடங்கியது. எனக்கு உடம்பை விடக் கைதான் பெரிய தொல்லை, டீ குடித்ததும் தானாகச் சட்டைப்பைக்குப் போகும், உள்ளே ஒன்றும் இருக்காது, அப்போது வருகிற எரிச்சல் இருக்கிறதே! கிராம்பு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வேன். டீக்கடையையே கொஞ்ச நாள் மாற்றினேன், பழைய கடையில் நண்பர்கள் வாங்கி நீட்டிவிடுவார்கள். ஒன்று மட்டும் கேளுங்கள், வண்டி ஓட்டும் வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். கவனம் சிதறும், கண் சொருகும், பின்னால் 40 பேர் உட்கார்ந்திருப்பார்கள். லீவு போட்டு, டாக்டரிடம் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் பற்றிக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும். நடுவில் ஒரு நாள் போட்டுவிட்டால் திட்டாதீர்கள், நானே மூன்றாம் தடவைதான் விட்டேன்.

யாங்கோன் தம்பி:
நேற்று ராத்திரி விரலை வைத்துப் பார்த்தார். இரண்டுதான் போனது, அவரே கொஞ்ச நேரம் பேசவில்லை. திங்கட்கிழமையிலிருந்து பத்து நாள் லீவு கேட்டிருக்கிறார், டாக்டரிடம் நானும் கூடப் போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, அண்ணி சொல்கிறேன் என்றிருக்கிறார்.