குடித்தும் தள்ளாடாதவர்கள்: பரம்பரை, குணம், போதை பற்றிய வன்னி அனுபவங்கள்

ஒட்டுசுட்டான் பக்கத்து உளவளத்துணையாளர்:

அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நாட்களில் எங்களைத் தேடி வருகிறவர்களின் தொகை கூடிவிடும். வருகிறவர்களில் பெரும்பாலோர் குடிப்பவர்கள் அல்லர், அவர்களுடைய மனைவிமாரும் தாய்மாரும்தான். "தகப்பன்ரை குணம் அப்படியே வந்திட்டுது, இரத்தத்திலை ஊறினதை என்ன செய்யிறது?" என்றுதான் பேச்சு தொடங்கும். அந்தப் பேச்சில் உண்மையும் உண்டு, பிழையும் உண்டு. இரண்டையும் எனக்குப் பிரித்துக் காட்டியது ஓர் இளைஞனுடனான சந்திப்பு.

லான்ட்மாஸ்ரர் என்ற இருசில்லு உழவு இயந்திரம் ஓட்டும் பையன் அவன். தகப்பன் கசிப்பு என்ற கள்ளச் சாராயத்தால் ஈரல் கெட்டு இறந்தவர். தாய் கட்டாயப்படுத்தி அழைத்து வந்திருந்தார். மரியாதையாக இருந்தான், விளிம்பு வரை ஊற்றிய தேத்தண்ணீரை ஒரு துளி சிந்தாமல் எடுத்துக் குடித்தான். "அப்பாவைப் போல நான் வெறியில் விழுந்து கிடப்பதில்லை, தவறணையில் மற்றவர்கள் விழுந்தால் அவர்களை லான்ட்மாஸ்ரர்ப் பெட்டியில் ஏற்றி வீட்டில் இறக்குகிறவனே நான்தான்" என்றான். சொல்லும்போது அவனுடைய குரலில் பெருமை இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த தாயின் முகத்திலும் சற்று ஆறுதல் தெரிந்தது. எனக்கோ கவலை அங்கேதான் தொடங்கியது.

கலிபோர்னியாவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல மருத்துவர், குடிக்கு அடிமையான தகப்பன்மாருக்குப் பிறந்த, தாங்கள் இன்னும் அடிமையாகாத இளைஞர்களுக்கு அளவாக மது கொடுத்து, அவர்களுக்கு எவ்வளவு ஏறுகிறது, உடல் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார். ஒரே அளவு குடித்தும் மற்றவர்களைவிடக் குறைவாகத் தள்ளாடியவர்கள் இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளிடையே கூடுதலாக இருந்தார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைத் தேடிப் பார்த்து 1994இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, குடிகாரத் தகப்பன்மாரின் மக்களுள் மது குறைவாக ஏறியவர்களில் 56 வீதமானோர் குடிக்கு அடிமையாகியிருந்தனர், நன்றாக ஏறியவர்களில் 14 வீதமானோரே அவ்வாறு ஆகியிருந்தனர். காரணம் விளங்கக் கடினமானதல்ல. மற்றவனுடைய உடல் ஒரு போத்தல் கள்ளுடனே போதும் என்று சொல்லிவிடும். இவனுடைய உடல் சொல்லாது. அதே சுகத்துக்கு இவன் இரண்டு மடங்கு குடிக்க வேண்டும், அப்படிக் குடிப்பவர்களோடுதான் கூட்டும் சேர வேண்டும். கால் தள்ளாடவில்லை என்பதற்காக ஈரல் தப்பிவிடுவதில்லை.

ஆகவே பரம்பரையாக வருவது குடி அல்ல, குடியைத் தாங்கும் தன்மை போன்ற சிறு சிறு இயல்புகள். அந்த இயல்பைத்தான் எங்கள் ஊர்கள் 'நல்ல குடிகாரன், ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை' என்று மெச்சுகின்றன. விழுந்து கிடக்கிறவனைக் கிளினிக்குக்கு இழுத்து வருகிறோம், விழாதவனிடம் கல்யாண வீட்டுப் போத்தல்களை ஒப்படைக்கிறோம்.

வீட்டுச் சூழலைப் பார்த்துத்தானே பிள்ளை பழகுகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்வேன். டென்மார்க்கில் சிறு வயதிலேயே தத்துக் கொடுக்கப்பட்டு, பெற்ற தகப்பனோடு வளராத ஆண்களை குட்வின் என்பவரின் குழு ஆராய்ந்து 1973இல் எழுதியது. பெற்றோர் குடிக்கு அடிமையாக இருந்தவர்களின் மக்களிடம் அடிமைநிலை, தத்துக் கொடுக்கப்பட்ட மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்காகக் காணப்பட்டது. ஆனாலும் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் அடிமையாகவில்லை. இரண்டாவது வசனத்தை நான் எப்போதும் சற்று உரத்துச் சொல்வதுண்டு.

கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்த சகோதரி, கிளிநொச்சி:

குணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நானும் என் அண்ணாவும் ஒரே நாளில் அந்தப் பணிக்குச் சேர்ந்தோம். சிவப்புப் பூசிய தடிகளுக்கு இடையில் முழங்காலில் இருந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறிக்கொண்டு நாள் முழுவதும் ஒரு சிறு துண்டு நிலத்தோடு பொறுமையாக இருக்க வேண்டிய வேலை அது. எனக்கு அது பொருந்தியது. அண்ணாவால் முடியவில்லை. அவருக்குப் பயமே கிடையாது, அலுப்புத்தான் தாங்காது. வேலையை விட்டு, பற்றைக்குள் பழைய இரும்பு பொறுக்கப் போனார், மோட்டார் சைக்கிளில் இரவில் யானை நிற்கும் பாதையால் பந்தயம் கட்டி ஓடினார், பிறகு ஐஸ் என்ற இரசாயனப் போதைப்பொருள் வந்தபோது முதல் ஆளாகத் தொட்டுப் பார்த்தவரும் அவர்தான்.

ஒரே தாய் தகப்பன், ஒரே பங்கர், ஒரே முகாம், ஆனால் இரண்டு குணம். பின்னர் அவருக்காக அலைந்த காலத்தில் ஒரு வைத்தியர் விளக்கினார்: சிலிர்ப்பைத் தேடும் மனம், யோசிக்காமல் பாயும் மனம், பதற்றத்துக்கு அஞ்சும் மனம், நம்பிக்கை இழந்த மனம் என்று போதைக்குப் போகும் வழிகள் வேறு வேறு, கனடாவில் பணிபுரியும் பட்ரீசியா கொன்றொட் என்பவர் இந்த நான்கு குணங்களையும் தனித்தனியாகக் கண்டு, பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவரவர் குணத்துக்கேற்ற இரண்டு அமர்வுகளை மட்டும் நடத்தியே குடியைக் குறைத்துக் காட்டியிருக்கிறார் என்று. எங்கள் பாடசாலையில் எல்லோரையும் வரிசையில் இருத்தி, கறுத்துப்போன நுரையீரல் படம் காட்டினார்கள். அந்தப் படம் அண்ணாவைப் போன்றவரைப் பயப்படுத்தாது. அவருக்கு ஆபத்துத்தானே பிடிக்கும்!

லொறிச் சாரதி, மாங்குளம்:

ஏ9 வீதியை மீள அமைத்த காலத்தில் சீனக் கம்பனிக்கு மண் ஏற்றினேன். ஓர் இரவு விருந்தில் அவர்களுடைய பொறியியலாளர் ஒருவர் கால் கிளாஸ் குடித்ததும் காது மடல் வரை சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். நாங்கள் சிரித்தோம், பட்டணத்தில் படிக்கும் என் மருமகன் பின்னர் சொல்லித்தான் விளங்கியது. கிழக்காசிய மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மதுவின் நச்சுக் கழிவை உடைக்கும் நொதியம் பிறப்பிலேயே சரியாக வேலை செய்யாதாம். அந்த வேதனையே அவர்களைக் குடிக்கு அடிமையாகாமல் காக்கிறதாம். எங்கள் பக்கத்தில் அந்த வேலி மிக அரிதாம்.

மல்லாவி வாசகர்:

மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசுகிறோம். பையன் நல்லவன், தகப்பன் பெருங்குடிகாரன். அந்தக் குடி பையனுக்கும் வருமா என்று கண்டறிய இரத்தப் பரிசோதனை ஏதும் உண்டா?

ஒட்டுசுட்டான் பக்கத்து உளவளத்துணையாளர்:

இல்லை ஐயா. 1990இல் மூளையில் சுக உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருளின் ஏற்பிக்குரிய ஒரு மரபணுவைக் காட்டி 'குடி மரபணு' கிடைத்துவிட்டது என்று பெரிதாகப் பேசினார்கள், அது நிலைக்கவில்லை. 2019இல் பன்னிரண்டு இலட்சம் பேருடைய தரவுகளை ஆராய்ந்தபோது, புகைத்தலோடும் குடியோடும் தொடர்புடைய இடங்கள் மரபணுத் தொகுதியில் நானூறுக்கும் மேல் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. இரட்டையர் ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ அரைவாசி என்று வருவது ஒரு சமூகத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. உங்கள் மருமகனாக வரப்போகிறவர் பாதி குடிகாரர் என்று அதற்குப் பொருள் இல்லை.

சூழல் பெரிது என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. வியட்னாமில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படையினர் ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அவர்களில் ஏறத்தாழ 5 வீதமானோரே மீண்டும் அடிமையானதை லீ ரொபின்ஸ் கண்டார். போர் முடிந்த 2009க்குப் பின்னர் எங்கள் ஊர்களில் கசிப்பும் ஐசும் பெருகியதும் எங்கள் இரத்தம் மாறியதால் அல்ல.

சம்பந்தம் பேசும் இடத்தில் எல்லோரும் 'பையன் குடிப்பானோ' என்று மட்டும் கேட்கிறார்கள். நீங்கள் அவருடைய நண்பர்களிடம் வேறு மூன்றை விசாரியுங்கள்: மற்றவர்களுக்கு ஏறும் அளவு அவருக்கு ஏறுகிறதா, கோபமோ கவலையோ வந்தால் போத்தலைத் தேடுகிறாரா, சிவராத்திரி போன்ற விரத நாட்களில் குடிக்காமல் அமைதியாக இருக்கிறாரா. பிறகு தகப்பனின் கதையைப் பையனிடமே நேரில் கேளுங்கள். மறைக்காமல் சொல்கிற பிள்ளையாக இருந்தால், பேச்சை மேலே நகர்த்த நான் தயங்கமாட்டேன்.