ஆங்கர் பீர் ஆலை மூடப்படுகிறது: கோலாலம்பூரிலிருந்து எப்படி விடைகொடுப்பது?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்), 15 ஜூலை 2023

அனைவருக்கும் வணக்கம். சான் பிரான்சிஸ்கோ நகரின் ஆங்கர் பீர் ஆலை மூடப்படுவதாக ஜூலை 12ஆம் நாள் வந்த அறிவிப்பை இங்குள்ள சிலர் படித்திருப்பீர்கள். நம் ஊர்க் காப்பிக்கடைகளில் தலைமுறைகளாகப் புழங்கிவரும் ஆங்கர் இதுவன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது 1930-களில் ஜெர்மானியர் முதலீட்டில் சிங்கப்பூரில் எழுந்த ஆர்க்கிபெலாகோ ஆலையில் பிறந்து, போர்க்காலத்தில் மலாயன் புருவரிஸ் கைக்குப் போன பீர். நான் குறிப்பிடுவது, 1896-இல் ஆங்கர் என்ற பெயரைப் பெற்று, சிறிய அளவில் தனிச்சுவையோடு வடிக்கும் அமெரிக்காவின் கிராஃப்ட் பீர் ஆலைகளுக்கெல்லாம் மூத்ததென்று மதிக்கப்படும் ஆலையை.

என் கேள்விகள் இரண்டு. முதலாவது: 1906ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தையும் அதைத் தொடர்ந்த தீயையும், 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கையும் தாண்டி வந்த ஓர் ஆலை, கிராஃப்ட் பீர் உலகெங்கும் விற்கும் இக்காலத்தில் ஏன் வீழ வேண்டும்? ஆலையின் உரிமையாளரான ஜப்பானியச் சப்போரோ நிறுவனத்தின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர எனக்கு மனமில்லை.

அடுத்தது நடைமுறை சார்ந்தது. நண்பர்கள் சிலர் கூடி, அந்த ஆலைக்கு ஒரு மாலைப்பொழுதில் விடைகொடுக்க எண்ணியிருக்கிறோம். எங்களிடம் இருப்பவை அந்த ஆலையின் பீர்களான 2019ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் ஏல் பெரிய போத்தல் ஒன்றும், ஓல்ட் ஃபாக்ஹார்ன் சிறிய போத்தல்கள் சிலவும். முதலில் சில மாதங்கள் அலமாரியில் இருந்தன. பிறகுதான் குளிர்பெட்டிக்கு இடம் மாறின. அவை இன்னும் குடிக்கத் தக்கவையா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆயர்ஈத்தாம் (பினாங்கு), 15 ஜூலை 2023

தம்பி செந்தூல்வாசிக்கு வணக்கம். உங்கள் முதல் கேள்விக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: இவ்வளவையும் தாங்கியது இதையும் தாங்கியிருக்க வேண்டும் என்பது. உண்மையில் ஆங்கர் ஆலை எதையும் எளிதாகத் தாங்கியதில்லை. அது பலமுறை செத்து, ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரின் பிடிவாதத்தால் பிழைத்தது. நிலநடுக்கத்தை ஒட்டி எழுந்த தீயில் ஆலை அழிந்தது. நிறுவனர்களுள் ஒருவரான பாரூத் அதற்குச் சற்று முன்னரே காலமாகியிருந்தார். மற்றவரான ஷிங்கல் அடுத்த ஆண்டே டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார். மதுவிலக்கு நீங்கி மறுபடி திறந்த சில மாதங்களிலேயே, 1934-இல், இன்னொரு தீ. 1959-இல் வியாபாரம் படுத்துக் கதவடைத்தார்கள். மறு ஆண்டில் வேறொருவர் வந்து திறந்தார்.

1965-இல் ஃபிரிட்ஸ் மேடாக் வந்தார். துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பெயர்போன மேடாக் குடும்பத்து இளைஞர் அவர். தாம் விரும்பிக் குடித்த பீரின் ஆலை மூடப்படவிருப்பதைக் கேள்விப்பட்டு, அதில் 51 விழுக்காட்டுப் பங்கை வாங்கினார். அன்று அங்கு வடித்த பீர் பெரும்பாலும் புளித்துக் கெட்டே கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் விளம்பரத்தில் கைவைக்கவில்லை. நுண்ணோக்கி வாங்கினார், குழாய்களையும் தொட்டிகளையும் கழுவச் செய்தார், மூலப்பொருளின் தரத்தை உயர்த்தினார். 1971-இல்தான் போத்தலில் அடைக்கத் தொடங்கினார்கள். பிறகு 1975ஆம் ஆண்டு ஒன்றிலேயே லிபர்ட்டி ஏல், ஓல்ட் ஃபாக்ஹார்ன், முதல் கிறிஸ்துமஸ் ஏல் ஆகிய மூன்றும் வந்தன. இன்று கோலாலம்பூர் மதுக்கூடங்களில் இளைஞர்கள் ஐ.பி.ஏ. என்ற கசப்பு மிகுந்த பீரைக் கேட்டு வாங்கும்போது மூக்கில் ஏறுகிறதே, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் காஸ்கேட் வகையின் அந்த மணம், அதைப் போத்தலுக்குள் பிடித்துக் காட்டிய முன்னோடிகளுள் லிபர்ட்டி ஏலுக்கு முதலிடம் தருவேன்.

மேடாக் செய்யாமல் விட்டவையும் முக்கியமானவை. தேவை பெருகியபோது பிறர் ஆலைகளில் குத்தகைக்கு வடித்து விற்க அவர் இணங்கவில்லை. இருப்பதைக் கடைகளுக்குப் பங்கிட்டு அனுப்பினார். ஆலை சிறியதாகவே இருந்தால் அதை நடத்துபவர் அறியாமல் எதுவும் நடக்காது என்ற கொள்கை அவருடையது. 2010-இல் அவர் விற்றார். 2017-இல் சப்போரோ வாங்கியது, விலை 8.5 கோடி அமெரிக்க டாலர் என்று அப்போது செய்தி வந்தது. பெருநோய்த் தொற்றுக் காலத்தில் மதுக்கூடங்களும் உணவகங்களும் பூட்டப்பட்டன; விற்பனையின் பெரும்பங்கு அங்கேதான் என்பதால் அடி பலமாக விழுந்தது. இவையெல்லாம் தெரிந்த காரணங்களே. என் கணிப்பில் முடிவு 2022-இல் எழுதப்பட்டுவிட்டது. அவ்வாண்டு சப்போரோ, ஸ்டோன் என்ற பெரிய கலிபோர்னிய ஆலையை 16.5 கோடி டாலருக்கு வாங்கியது. அமெரிக்காவில் தன் சொந்தப் பீரை வடிக்க அந்நிறுவனத்துக்குப் பெரிய தொட்டிகள் தேவைப்பட்டன. சான் பிரான்சிஸ்கோவின் பொட்ரேரோ குன்றில், நிலவிலை வானளாவிய நகரின் நடுவே, பழைய காப்பி வறுக்கும் கட்டடத்தில் செப்புக் கொப்பரைகளோடு இயங்கும் ஆலை அந்தத் தேவைக்குள் அடங்கவில்லை. ஆகவே சப்போரோவைக் கொடியவராக்கவும் வேண்டாம், விடுவிக்கவும் வேண்டாம். ஒரு கணக்கில் லாபமாகத் தெரிந்ததை வாங்கினார்கள், மற்றொரு கணக்கில் சுமையாகத் தெரிந்ததும் இறக்கிவைத்தார்கள்.

பட்டர்வொர்த்_பெரி, 16 ஜூலை 2023

இவ்வளவு நீளமாக ஆராய வேண்டியதில்லை என்பது என் கருத்து. 2021-இல் அந்த அழகிய பழைய லேபிளைத் தூக்கி எறிந்துவிட்டு, எந்த மினி மார்க்கெட் குளிர்பெட்டியிலும் காணக்கூடிய மஞ்சளும் நீலமுமான ஒன்றை ஒட்டினார்களே, அன்றே அந்த ஆலையை நேசித்தவர்கள் பாதிப்பேர் விடைபெற்றுக்கொண்டார்கள். போன மாதம் கிறிஸ்துமஸ் ஏல் இனி இல்லை, கலிபோர்னியாவுக்கு வெளியே விற்பனையும் இல்லை என்று அறிவித்தபோதே எஞ்சியது தெரிந்துவிட்டது.

பாலம்கடப்பவர் (சிங்கப்பூரில் வேலை, செராஸில் வீடு), 16 ஜூலை 2023

போத்தல்களைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பீர் தொழிலில் 3-30-300 என்றொரு தோராயக் கணக்கு வழங்குகிறது. ஏறத்தாழ 32 பாகை செல்சியசில் 3 நாளில் ஒரு பீருக்கு நேரும் சுவைக்கேடு, 22 பாகையில் 30 நாளிலும், குளிர்பெட்டியின் 3 பாகையில் 300 நாளிலும் நேரும் என்பது அதன் பொருள். நம் வீட்டு அலமாரி முதல் வகையைச் சேர்ந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. லிபர்ட்டி ஏல் போன்ற, ஹாப்ஸ் மணத்தையே நம்பியிருக்கும் பீராக இருந்திருந்தால் ஊற்றிவிடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். ஓல்ட் ஃபாக்ஹார்ன் அப்படியன்று. அது பார்லிவைன் வகை, சாராய விழுக்காடும் மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கனத்தவை, முதுமையைத் தாங்கும். உலர்திராட்சையும் பழைய ஷெர்ரியும் கலந்தாற்போல் மாறியிருக்கக்கூடும். சிலர் அதற்காகவே காத்திருந்து குடிப்பார்கள். கிறிஸ்துமஸ் ஏல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆண்டுதோறும் செய்முறையும் லேபிளில் வரையப்படும் மரமும் மாறும். சேர்க்கும் வாசனைப் பொருள்களை அவர்கள் வெளியிட்டதே இல்லை. நான் குடித்த ஆண்டுகளில் நம் பினாங்கு ஜாதிக்காயும் பைன் பிசினும் மூக்குக்குத் தட்டுப்பட்டன. 2019ஆம் ஆண்டுப் போத்தலில் அந்த மணம் மங்கியிருக்கும், கருத்த மால்ட்டின் இனிப்பு முன்னுக்கு வந்திருக்கும். ஈரமான அட்டைப்பெட்டியின் வாடை அடித்தால் காற்றேறிக் கெட்டுவிட்டது என்று கொள்ளுங்கள். கெட்ட பீர் உடம்பைக் கெடுக்காது, மனத்தைத்தான் கெடுக்கும். எதுவானாலும் ஐஸ் போட வேண்டாம். குளிர்பெட்டியிலிருந்து அரை மணி நேரம் முன்னதாக எடுத்துவைத்து, 12 பாகை அளவில் சிறிய கோப்பைகளில் ஊற்றுங்கள்.

ஆயர்ஈத்தாம் ஐயா எழுதியதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அவர் வரிசையில் அந்த ஆலையின் முதன்மைப் பீரான ஸ்டீம் விடுபட்டுப்போயிற்று. லாகர் வகைப் பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டுக்குக் குளிர் வேண்டும். பனிக்கட்டியும் குளிர்சாதனமும் எளிதில் கிட்டாத 19ஆம் நூற்றாண்டுக் கலிபோர்னியாவில் வடிப்பவர்கள் அதே ஈஸ்ட்டை வெதுவெதுப்பில், ஆழமற்ற அகன்ற திறந்த தொட்டிகளில் நுரைக்கவிட்டார்கள். தொட்டி அகலமாக இருந்ததால் கடலிலிருந்து வரும் மூடுபனிக் காற்றே சூட்டைத் தணித்தது. இந்த முறையை ஏறத்தாழத் தனியொரு ஆலையாக நின்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஆங்கர். ஸ்டீம் என்ற பெயரை அவர்கள் வணிகக்குறியாகப் பதிந்துகொண்டதால், பிறர் வடிப்பதைக் கலிபோர்னியா காமன் என்கிறார்கள்.

சிங்கப்பூரில் 2004 முதல் வீட்டுத் தேவைக்குப் பீர் வடிக்க அனுமதி உண்டு. நார்தர்ன் புரூவர் ஹாப்சும் கலிபோர்னிய லாகர் ஈஸ்ட்டும் வாங்கி, 16, 17 பாகையில் வைத்து நான் அங்கே வடித்திருக்கிறேன். மரச்சாயலும் புதினாச்சாயலும் கலந்த அந்தக் கசப்பு ஓரளவு கைகூடியது. ஆங்கரின் சுத்தம் கைகூடவில்லை. கூடுகைக்குக் கொண்டுவருகிறாயா என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். அது என் வீட்டில் குடிப்பதற்கு மட்டுமே. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

தோட்டத்துப்பிள்ளை (சுங்கைப்பட்டாணி), 17 ஜூலை 2023

தவறாக எண்ண வேண்டாம். எங்கள் கெடாவில் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தொண்டர் படையினர் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிப் போராடி, அடிபட்டுச் சிறை சென்றார்கள். கூலியில் ஒரு பகுதி கள்ளுக்கடை வழியாகவே மறைந்துபோன குடும்பத்தில் வந்தவன் நான். எங்கோ அமெரிக்காவில் ஒரு பீர் ஆலை மூடப்பட்டதற்குத் தமிழர்கள் கூடி வருந்துவது எனக்குப் புரியவில்லை.

செந்தூல்வாசி, 17 ஜூலை 2023

ஐயா, நீங்கள் சொன்ன வரலாற்றை மறுக்கும் தகுதி எனக்கில்லை. என் பாட்டியும் இதையே கேட்டிருப்பார். தோட்டத்துக் கள்ளுக்கடை, உழைப்பவனைக் கட்டிப்போட மேலிருந்து அனுமதித்து நடத்தப்பட்ட ஏற்பாடு. அதை எதிர்த்தவர்கள் பக்கமே நானும் நிற்பேன். ஆயினும் இங்கே மூடப்படுவது பலர் வேலை செய்த ஓர் இடம் என்பதையும் பாருங்கள். 61 பேர் வேலையிழக்கிறார்கள். 2019-இல் வாக்களித்துத் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தவர்கள் அவர்கள். இப்போது ஆலையைத் தாங்களே வாங்கிக் கூட்டுறவாக நடத்த வாய்ப்புக் கேட்டுச் சப்போரோவுக்குக் கடிதம் எழுதப்போவதாகச் செய்தி வருகிறது. எனக்கு அவர்கள் வடித்த பீர் பிடிக்கும். அவர்கள் கேட்பதும் நியாயமாகப் படுகிறது. நீங்கள் வர விரும்பினால் உங்களுக்கு மோர் வைத்திருப்போம் என்பதைக் கேலியாகச் சொல்லவில்லை.

மற்றவர்களுக்கு: கூடுகை மாத இறுதியில், ஒரு நண்பர் வீட்டில். பொது மண்டபம் வேண்டாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். 2017-இல் கோலாலம்பூரில் நடக்கவிருந்த கிராஃப்ட் பீர் விழாவுக்கு மாநகர மன்றம் அனுமதி மறுத்தது நினைவிருப்பவர்களுக்குக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. 21 வயது நிரம்பியவர்கள் மட்டும் வரலாம். வண்டி ஓட்டி வருபவர்கள் சுவை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடைகளில் எஞ்சிய ஸ்டீம் போத்தல் கிடைத்தால் ஒருவருக்கு ஒன்று என்ற அளவில் வாங்கிவரலாம். விலையைக் கண்டு கடைக்காரரைத் திட்டாதீர்கள். தூய சாராயம் லிட்டருக்கு 175 வெள்ளி (ரிங்கிட்) என்ற 2023ஆம் ஆண்டின் கலால் வரிக்கணக்கில், 4.9 விழுக்காடு கொண்ட 355 மில்லிலிட்டர் போத்தல் ஒன்றின் மீது அவ்வரி மட்டுமே 3 வெள்ளிக்குச் சற்று மேல் வருகிறது. அதற்கு மேல்தான் கப்பல் கூலியும் மற்றவையும்.

பட்டர்வொர்த்_பெரி, 17 ஜூலை 2023

பழைய லேபிள் ஒட்டிய காலிப் போத்தல்கள் என்னிடம் உள்ளன. குடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எடுத்து வரலாமா?

செந்தூல்வாசி, 18 ஜூலை 2023

தாராளமாக எடுத்து வாருங்கள் அண்ணே. லேபிள்களைப் பற்றி ஒரு சண்டையும் தேவைப்படுகிறது.

ஆயர்ஈத்தாம் (பினாங்கு), 3 ஜூன் 2024

ஓராண்டாக உறங்கிய இழையை எழுப்புவதற்குப் பொறுத்தருள்க. மே 31 அன்று வந்த செய்தியின்படி, சோபானி தயிர் நிறுவனத்தின் நிறுவனரான ஹம்தி உலுகாயா ஆங்கரை வாங்கியிருக்கிறார். பெயர், செய்முறைகள், கருவிகள், பொட்ரேரோ குன்றுக் கட்டடங்கள் எல்லாம் அவரிடம் போகின்றன. ஆலையை மீண்டும் திறக்கப்போவதாகவும் சொல்லியிருக்கிறார். துருக்கியிலிருந்து குடியேறி, ஓர் உணவு நிறுவனம் கைவிட்ட பழைய தயிர் ஆலையை வாங்கித் தம் தொழிலைத் தொடங்கியவர் அவர். கைவிடப்பட்ட ஆலைகளைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் அவசரப்பட்டு மகிழப்போவதில்லை. செப்புக் கொப்பரையை வாங்கிவிடலாம். திறந்த தொட்டியில் நுரை எப்போது அடங்கும் என்று பார்த்தே சொல்லத் தெரிந்தவர்கள் கடந்த ஓராண்டில் வேறு வேலைகளுக்குப் போயிருப்பார்கள். கூட்டுறவாக நடத்த முயன்ற அந்தப் பழைய தொழிலாளர்களை அவர் திரும்ப அழைக்கிறாரா, சங்கத்தை ஏற்கிறாரா என்பதையே கவனித்துவருகிறேன். யார் கண்ணிலாவது செய்தி பட்டால் இங்கேயே இடுங்கள். புதிய இழை தொடங்க வேண்டாம்.